கிராம்பும் மென்பொருளும்

கேள்வி: உலகமயமாக்கலால் தென்காசி, குற்றாலம் பக்கம் லாபமா, நட்டமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: இரண்டும் உண்டு, ஆனால் ஒரே வீட்டுக்கு அல்ல. குற்றாலத்துக்குக் கிராம்பைக் கொண்டுவந்ததே கிழக்கிந்தியக் கம்பெனிதான், 1800 வாக்கில். மொட்டு விரியுமுன் மரமேறிக் கையால் பறித்து, காம்பு கிள்ளி, வெயிலில் காயவைக்க வேண்டும். பறிகூலி நம் ஊர்க் கணக்கு. விலையோ மடகாஸ்கர், இலங்கைச் சரக்கின் கணக்கு. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அந்த விலை நெருக்கடியைக் கூட்டியது.

மறுபக்கம், 2011-இல் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறைக்கு ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்தது. இங்கே எழுதும் மென்பொருளை வெளிநாட்டார் வாங்குகிறார்கள்; சம்பளம் தென்காசிக் கடைத்தெருவில் புழங்குகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் கிராம்பு பறிக்கிறவருக்கும் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணுக்கும் அந்த வேலை கிடைக்காதே! இறக்குமதியால் விலை சரியும் ஆண்டுகளில் தோட்டக்காரருக்கு அரசு ஈடு கொடுத்தே ஆகவேண்டும்.