தொட்டால் புள்ளி

விளையாட்டு உடம்புக்கு நல்லது, ஒற்றுமையை வளர்க்கும் என்று பத்தாம் வகுப்பு வரை கட்டுரை எழுதி மார்க் வாங்கியவர்கள்தான் நாம் எல்லோரும். அதையே இந்த மலரிலும் எழுதினால், பக்கத்தைப் புரட்டிவிட்டு ஜோக்ஸ் பகுதிக்குப் போய்விடுவீர்கள். ஆகவே நண்பர்களே, நான் கபடியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டு ஒரு மனிதனை யாராக ஆக்குகிறது, அதில் சமுதாயத்தின் முகம் எப்படித் தெரிகிறது என்று சொல்வதற்கு எனக்கு நன்றாகத் தெரிந்த ஆட்டம் அது ஒன்றுதான்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைப் பார்ப்போம். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பக்கத்துக்கு 7 பேர். பாடிப் போகிறவர் ‘கபடி கபடி’ என்று விடாமல் சொல்லிக்கொண்டே, 30 வினாடிக்குள் எதிரணியில் ஒருவரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். மட்டை இல்லை, பந்து இல்லை, வலை இல்லை. போனஸ் கோடு மாதிரி ஒன்றிரண்டு வழிகளை விட்டுவிட்டால், இன்னொரு மனிதனின் உடம்பில் கை படாமல் இந்த ஆட்டத்தில் புள்ளியே கிடையாது.

பிடிக்கிற பக்கத்தையும் பாருங்கள். அங்கே கைகோத்துக்கொண்டுதான் நிற்பார்கள். கார்னரில் நிற்கிறவன் பக்கத்தில் உள்ளவனின் கையை விட்டால் சங்கிலி போச்சு. (மெக்கானிக்கல் மாணவன் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். முட்டியை மடக்கிக் குனிந்து நிற்பது பணிவுக்காக இல்லை. புவியீர்ப்பு மையம் கீழே இறங்கினால் ஆளைச் சாய்ப்பது கஷ்டம். வகுப்பில் புரியாத அந்தப் பாடம் எனக்குக் களத்தில்தான் புரிந்தது.)

கபடியில் மூன்று பழைய வகைகள் உண்டு. அமர் என்பதில் அவுட் ஆனாலும் வெளியேற வேண்டாம். காமினியில் போனால் போனதுதான். சஞ்சீவனியில், எதிரணியில் ஒருவர் விழுந்தால் நம்மில் ஒருவர் உயிர் பெற்று உள்ளே வருவார். இன்றைய சட்டம் சஞ்சீவனியின் வழியில் வந்தது. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது: யார் முதலில் வெளியே போனாரோ அவர்தான் முதலில் உள்ளே வர வேண்டும். கேப்டன் என்றாலும் வரிசைதான். ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கைப் பார்க்க முடியாது!

சரி, இப்படி ஒரு ஆட்டம் எந்த நாட்டில் வளர்ந்திருக்கிறது? ‘தொடாதே, தள்ளி நில்’ என்று மனிதனைப் பார்த்து மனிதன் நூற்றாண்டுக் கணக்கில் சொல்லிவந்த நாட்டில். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கோட்டுக்குள்ளே தொட்டால் புள்ளி. கோட்டுக்கு வெளியே?

இந்தக் கேள்வி கபடிக்கு மட்டும் உரியது அல்ல. கிரிக்கெட்டில் இதற்கு நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சாட்சி இருக்கிறது. அவர் பெயர் பல்வங்கர் பாலு. ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவர், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். புனேயில் வெள்ளையர் கிளப்பில் பிட்ச் உருட்டுவதும், வலைப் பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து போடுவதும்தான் அவர் வேலை. வெள்ளையரை ஜெயிக்க வேண்டுமே என்று இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, மண் குவளையில்! 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் அவர் சாய்த்த விக்கெட்டுகள் 114. அப்படியும் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான், அதுவும் 1923-ல், அந்த இடம் கிடைத்தது. பந்து வீசக் கை வேண்டும், ஆனால் தலைமை தர மனசு வராது. இது எந்தக் கணக்கு?

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். ஊர் ஒன்று, கபடி அணி இரண்டு. வடக்குத் தெருவுக்கு ஒன்று, தெற்குத் தெருவுக்கு ஒன்று. பக்கத்து ஊர்ப் போட்டிக்கு இரண்டும் தனித்தனி வண்டியில் போகும். ஒன்று தோற்றால் மற்றது விசிலடிக்கும். எங்கள் பக்கத்தில் போட்டி நடத்த அனுமதி கேட்டால், பனியனில் சாதித் தலைவர் படம் இருக்கக் கூடாது என்று ஸ்டேஷனில் முதலில் எழுதி வாங்குகிறார்கள். படம் போனது, பனியன் கலர் வந்தது. கலரைப் பார்த்தாலே எந்தத் தெரு என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆகவே, விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும் என்று நாம் எழுதியது பாதிதான் சரி. ஊரில் எது இருக்கிறதோ அதைத்தான் அது வளர்க்கும்.

மறுபாதியையும் சொல்ல வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்தைச் சேர்ந்த பி. கணேசன், சாதிச் சண்டைகள் ஓயாத ஒரு காலத்தில் கபடி ஆடி, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணி வரை போனார். அடுத்த ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். 2025-ல் வந்த ‘பைசன்’ படம் அவர் கதையிலிருந்து பிறந்ததுதான். அந்தச் சிறிய ஊரின் பெயர் இன்று அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். ஆண்கள் கபடி ஆசிய விளையாட்டில் 1990-லேயே சேர்ந்துவிட்டது. பெண்கள் கபடிக்கு 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘பொம்பளப் புள்ளைக்கு இந்தப் பிடிச்சு உருள்ற ஆட்டமெல்லாம் எதுக்கு?’ என்று கேட்காத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. ஆனால் சென்னைக் கண்ணகி நகரைப் பாருங்கள். நகரத்துக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம் அது. அந்த விலாசத்தைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்பது அங்குள்ளவர்களின் நெடுநாள் குறை. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடிய கார்த்திகா அந்த ஊர்ப் பெண். பத்திரிகைகள் ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே எழுதின. மறைத்த விலாசம் இன்ஷியல் ஆகிவிட்டது!

என் அளவில் நடந்தது சின்ன விஷயம்தான். அப்பா செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் ‘எந்த ஊரு?’ என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ அது திசையைக் கேட்கிற கேள்வி இல்லை என்று உங்களுக்கும் தெரியும். முதலாமாண்டு துறைகளுக்கிடையிலான போட்டி முடிந்ததும் அந்த இரண்டாவது கேள்வி நின்றது. அன்றிலிருந்து மெஸ்ஸில் எனக்கு ‘லெஃப்ட் கார்னர்’ என்றுதான் பெயர். அப்பா வைத்த பெயர் உண்டு, தெரு வைத்த பெயரும் உண்டு. இது நானே சம்பாதித்தது.

நம் கல்லூரி அணியில் என் கையைக் கோத்து நிற்பவன் சிவில் பிரிவு. எங்கள் ஊர் வடக்குத் தெரு. பதினாறு வருஷம் ஒரே ஊரில் இருந்தும் நாங்கள் பேசியது இங்கே வந்த பிறகுதான். வேர்த்தால் கை வழுக்கும். மண்ணைத் தேய்த்துக்கொண்டு இறுக்கிப் பிடிப்போம். லீவுக்கு ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். ஸ்டாப்பில் இறங்கியதும் அவன் வடக்கே, நான் தெற்கே.

வருகிற பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் போட்டி இருக்கிறது. இரண்டு தெருவும் சேர்ந்து ஒரே அணியாக இறங்கினால் என்ன என்று இருவரும் பேசினோம். வடக்கில் மூன்று பேர், தெற்கில் நாலு பேர் சரி என்றிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணத்தில் பாதி சேர்ந்துவிட்டது. என் அம்மாவுக்குப் பயம், அவன் வீட்டில் கோபம். ஃபாரத்தில் ‘அணியின் பெயர்’ என்ற இடத்தில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதலாம் என்றேன். ‘எழுதலாம்டா... அதுக்குக் கீழ கேப்டன் பேர் கேட்டிருக்கானே, அங்க யாரைப் போடுறது?’ என்றான். ஃபாரம் இப்போது அவனுடைய டிராயிங் ஷீட்டுகளுக்கு நடுவில் இருக்கிறது. கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்.

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)