வானத்தைப் படம் பிடிக்க: சிறிய டெலஸ்கோப்பும் பில்டரும் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. லென்ஸ் கழற்றி மாட்டும் டிஜிட்டல் கேமராவும் இருக்கிறது. இவற்றுடன் ஒரு சிறிய டெலஸ்கோப்பைச் சேர்த்தால், ஆண்ட்ரோமெடா காலக்ஸி, ஓரியன் நெபுலா போன்றவற்றை மொட்டை மாடியிலிருந்தே படம் பிடிக்கலாம். ஆனால் விளம்பரத்தைப் பார்த்து அவசரமாக வாங்கினால், பணம் செலவான பின் டெலஸ்கோப் பரணுக்குத்தான் போகும். நான் எதையெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன் என்பதை இங்கு வரிசையாகத் தருகிறேன்.

1. போகல் லெங்த்

"500 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மறந்துவிடுங்கள். படம் எடுக்க நமக்குத் தேவை போகல் லெங்த் என்ற எண். படத்தில் எவ்வளவு வானம் அடங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. கேமரா சென்சாரின் அகலத்தை (மி.மீ.) 57.3 ஆல் பெருக்கி, போகல் லெங்த்தால் வகுக்கவும். விடை டிகிரியில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 22.3 x 14.9 மி.மீ. சென்சாரை 250 மி.மீ. டெலஸ்கோப்பில் மாட்டினால் 5.1 x 3.4 டிகிரி வானம் கிடைக்கும். 1000 மி.மீ. என்றால் 1.3 x 0.9 டிகிரிதான். முழு நிலாவின் அகலம் அரை டிகிரி. ஆண்ட்ரோமெடாவின் நீளமோ சுமார் 3 டிகிரி. அதாவது ஆறு நிலாக்களை வரிசையாக வைத்தது போல. பெரிய டெலஸ்கோப்பில் அதன் நடுப்பகுதி மட்டுமே விழும். சிறியதில் முழுவதும் அடங்கும். ஓரியன் நெபுலாவையும் குதிரைத்தலை நெபுலாவையும் ஒரே படத்தில் பிடிக்கவும் 250 மி.மீ. போதும்.

இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரே போட்டுக் காட்டும். ஸ்டெல்லாரியம் என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யுங்கள். எப்2 கீயை அழுத்தி, பிளக்இன்ஸ் டேபில் ஆக்குலர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, தொடக்கத்திலேயே லோட் ஆகும்படி டிக் செய்து, சாப்ட்வேரை மூடித் திறக்கவும். பின் அதன் கன்பிகரேஷனில் உங்கள் சென்சார் அளவையும் டெலஸ்கோப்பின் போகல் லெங்த்தையும் கொடுங்கள். எப்3 அழுத்தி ஆண்ட்ரோமெடாவைத் தேடினால், படத்தில் எவ்வளவு விழும் என்பது ஒரு கட்டமாகத் தெரியும். ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காமல் பத்து டெலஸ்கோப்புகளை இப்படிச் சோதிக்கலாம்.

2. லென்ஸின் தரம்

விலை குறைந்த, இரண்டு சாதாரணக் கண்ணாடிகள் கொண்ட டெலஸ்கோப்பில், ஒளிமிக்க நட்சத்திரங்களைச் சுற்றி நீல வளையம் தெரியும். இதைக் குறைக்க ஈ.டி. கண்ணாடி உள்ளதா என்று பாருங்கள். அடுத்து, படத்தின் ஓரத்தில் நட்சத்திரங்கள் நீளாமல் இருக்க பீல்டு பிளாட்னர் என்ற கூடுதல் லென்ஸ் தேவை. இதற்கும் சென்சாருக்கும் இடையே குறிப்பிட்ட இடைவெளி இருக்க வேண்டும். பெரும்பாலும் 55 மி.மீ. பெட்ஸ்வால் வகையில் இந்த வேலையைச் செய்யும் லென்ஸ்கள் குழாயினுள்ளேயே இருக்கும். 51 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. போகல் லெங்த்தும் கொண்ட வில்லியம் ஆப்டிக்ஸ் ரெட்கேட் 51 இந்த வகைதான். புதியவர்களுக்கு இது தலைவலியைக் குறைக்கும்.

3. சுழலும் மவுண்ட்

வானம் ஒரு விநாடிக்கு 15 ஆர்க் செகண்ட் நகர்கிறது. சாதாரண டிரைபாடில் 250 மி.மீ. டெலஸ்கோப்பை வைத்தால், ஒரு விநாடியைத் தாண்டியதும் நட்சத்திரங்கள் கோடாகிவிடும். ஆகவே வானத்துடன் சேர்ந்து சுழலும் மவுண்டுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். டெலஸ்கோப் அதற்கு அடுத்ததுதான்.

நம் ஊருக்கு ஒரு குறிப்பு. மவுண்டைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் சரி செய்ய வேண்டும். அது சென்னையில் 13 டிகிரி உயரத்திலும், கன்னியாகுமரியில் 8 டிகிரி உயரத்திலும் மட்டுமே இருக்கும். மவுண்ட் அவ்வளவு கீழே சாயுமா என்று கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்யவும். வடக்கே மரமோ கட்டடமோ மறைக்காத இடமும் வேண்டும்.

4. பில்டர் தேவையா?

இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சள் ஒளி, பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டியே இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டும் பில்டர் நன்றாகவே வேலை செய்தது. இந்தியாவில் 2015ல் தேசியத் தெருவிளக்குத் திட்டம் தொடங்கியபின் எல்.இ.டி. விளக்குகள் வேகமாகப் பரவின. வெள்ளை எல்.இ.டி.யின் ஒளி நீலத்திலிருந்து சிவப்பு வரை பரவிக் கிடப்பதால், எந்த ஒரு பகுதியை வெட்டினாலும் மீதி உள்ளே வரும். எனவே "சிட்டி லைட் பில்டர்" என்ற பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். உங்கள் தெருவில் எந்த விளக்கு என்று முதலில் பாருங்கள்.

இப்போது உதவுவது டூயல் நேரோபேண்ட் பில்டர். இது ஹைட்ரஜன் ஆல்பா (656.3 நானோமீட்டர்), ஆக்சிஜன் (500.7 நானோமீட்டர்) ஆகிய இரண்டு குறுகிய பகுதிகளை மட்டும் அனுமதிக்கும். ஓரியன், ரோசெட் போன்ற ஒளிரும் நெபுலாக்கள் இந்த நிறங்களில்தான் அதிகம் ஒளிர்கின்றன. ஆனால் காலக்ஸிகளும் நட்சத்திரக் கூட்டங்களும் எல்லா நிறத்திலும் ஒளிர்பவை. அவற்றுக்கு இந்தப் பில்டரை மாட்டினால் நமக்கு வேண்டிய ஒளியையும் சேர்த்து இழப்போம்.

வாங்கும் முன் இவற்றையும் கவனியுங்கள்:

* 1.25 அங்குல பில்டர் படத்தின் மூலைகளை இருட்டாக்கலாம். 2 அங்குலம் வாங்குவது நல்லது.
* கேமராவினுள் பொருத்தும் கிளிப் பில்டர், அந்தந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும்.
* சாதாரணக் கேமராவின் உள்ளிருக்கும் பில்டர், ஹைட்ரஜனின் சிவப்பைப் பெருமளவு தடுத்துவிடும். இதை மாற்றியமைக்காத கேமராவில் நேரோபேண்ட் பில்டரின் முழுப் பயன் கிடைக்காது.

5. மீதி வேலை கம்ப்யூட்டருக்கு

காலக்ஸிக்கு என்ன செய்வது? நிறையப் படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாக அடுக்க வேண்டும். 4 படங்களை அடுக்கினால் தரம் இரு மடங்காகும். 100 படங்கள் என்றால் பத்து மடங்கு. டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் ஆகிய இரண்டும் இதற்கான இலவச சாப்ட்வேர்கள். நகர ஒளியால் படத்தின் ஒரு பக்கம் வெளுத்திருந்தால், சிரிலில் உள்ள பேக்ரவுண்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன் அதைச் சீராக்கும். கேமராவை ரா பார்மட்டில் வைத்தே எடுக்கவும். ஒரு படம் 25 எம்.பி. என்றால், 100 படங்களுக்கு 2.5 ஜி.பி. ஆகும். அடுக்கும்போது உருவாகும் தற்காலிக பைல்களுக்கு இதைவிடப் பல மடங்கு இடம் தேவைப்படும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் விட்டு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எந்த டெலஸ்கோப்பையும் சூரியன் பக்கம் திருப்ப வேண்டாம். மேலே சொன்ன பில்டர்கள் எதுவும் கண்ணைக் காப்பாற்றாது.

என் பரிந்துரை இதுதான். முதலில் மவுண்ட், அதன்பின் 250 மி.மீ. அளவிலான சிறிய டெலஸ்கோப். பில்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சில மாதங்கள் பில்டர் இல்லாமல் எடுத்து, அடுக்கிப் பழகுங்கள். நெபுலாக்களில்தான் ஆர்வம் என்று தெரிந்தபின் நேரோபேண்ட் பில்டர் வாங்கலாம். காலக்ஸிகள் பிடித்துப்போனால், அதே பணத்தில் ஊரைவிட்டு விலகிய இருண்ட இடத்திற்குப் பலமுறை போய் வாருங்கள். அதற்கு ஈடான பில்டர் எந்தக் கடையிலும் இல்லை.