எண்ணெய்க்கும் கணக்கு உண்டு!

"ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிடறேன். அப்புறமும் எடை ஏன் குறைய மாட்டேங்குது?"

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கும். இட்லியை எண்ணிச் சாப்பிடுகிற நாம், தொட்டுக்கொள்கிற மிளகாய்ப் பொடியில் எத்தனை ஸ்பூன் எண்ணெய் விட்டோம் என்று மட்டும் எண்ணுவதே இல்லை. நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 50 முதல் 60 கலோரி. பொடியில் குழைத்த நல்லெண்ணெய் 3 டீஸ்பூன் என்றால், அதில் மட்டும் 120 கலோரி. தட்டில் இருப்பது இரண்டு இட்லி. வயிற்றுக்குள் போவதோ நாலு இட்லிக்குச் சமம்!

ஒரு சின்ன வாய்ப்பாடு

ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. எண்ணெய் முழுக்க முழுக்கக் கொழுப்புதான். ஆகவே 1 டீஸ்பூன், அதாவது 5 மி.லி. எண்ணெய் என்றால் 40 கலோரி. 1 டேபிள்ஸ்பூன் 15 மி.லி.; 120 கலோரி. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

"நல்லெண்ணெய் உடம்புக்கு நல்லதாச்சே?" என்பீர்கள். இருக்கட்டும். கலோரி விஷயத்தில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் ஒரே ஜாதி. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்துத் தாராளமாக ஊற்றாதீர்கள். தாவர எண்ணெய்களில் கொலஸ்ட்ரால் கிடையாது என்றே சொல்லலாம். கலோரி மட்டும் அப்படியே இருக்கிறது!

மசாலாவில் ஒளிந்திருப்பது

அரை கிலோ கோழிக்கு மசாலா தடவி ஊறவைக்கிறீர்கள். 100 கிராம் தயிர், சுமார் 60 கலோரி. சோள மாவு 2 டேபிள்ஸ்பூன், இன்னொரு 60. இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் "பளபளன்னு இருக்கட்டுமே" என்று விடுகிற 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய்? 240 கலோரி! ஆக மொத்தம் 360. அதில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய்.

மசாலா முழுவதும் கோழியோடு போவதில்லையே, பாத்திரத்தில் மிஞ்சுகிறதே என்று கேட்கலாம். கால் பங்கு மிஞ்சினால் கணக்கிலும் கால் பங்கைக் கழியுங்கள். 270 என்று வையுங்கள். கொஞ்சமாக ஒட்டியிருந்தால் கழிக்கவே வேண்டாம். மசாலா ஒட்டுவதற்குத் தயிரே போதும். எண்ணெயை வாணலியில் மட்டும் விட்டால் ஒரு செலவு மிச்சம்.

வாணலிக்கு முன், வாணலிக்குப் பின்

பொரிப்பதற்கு முன் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். பொரித்து முடித்து, நன்றாக ஆறிய பிறகு மிச்சத்தை அளந்து பாருங்கள். 200 மி.லி. ஊற்றி 150 மி.லி. மிஞ்சினால், போனது 50 மி.லி. ஒரு மி.லி.க்கு 8 கலோரி வீதம் 400. நாலு பேர் சாப்பிட்டால் தலைக்கு 100. ஊறவைத்த மசாலாவின் கலோரியையும் நாலாக வகுத்து இதோடு கூட்டுங்கள்.

இன்னொரு சூட்சுமம். எண்ணெயில் பெரும்பகுதி பொரியும்போது உள்ளே போவதில்லை. எடுத்த பிறகு, ஆறும்போதுதான் போகிறது. உள்ளே இருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுபடுகிறது. ஆகவே வடிகட்டுவது, தாளில் ஒற்றுவது எல்லாம் எடுத்த உடனே, சூட்டோடு சூடாக நடக்க வேண்டும்.

சட்டியில் பிரட்டிய சோறு

எல்லோருக்கும் மீன் வறுவலைப் பரிமாறிவிட்டு, வாணலியில் மிஞ்சிய மசாலாவில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடும் அம்மாக்கள் உண்டு. "வீணாப் போகக் கூடாதே!" என்பார்கள். ருசிதான், மறுக்கவில்லை. ஆனால் அடியில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் நின்றிருந்தால், அந்த 240 கலோரியும் ஒருவர் கணக்கில்தான் ஏறுகிறது. "நான் மீனே சாப்பிடலை, எனக்கு ஏன் எடை ஏறுது?" என்று அவரே கேட்பதும் இதனால்தான்.

சர்க்கரை நோய்க்காகச் சோற்றைக் குறைத்து வறுவலைக் கூட்டுகிறவர்களும் உண்டு. நாலு பேருக்கான உருளைக்கிழங்கு வறுவலில் 4 டேபிள்ஸ்பூன் எண்ணெய் இருந்தால், தலைக்கு 120 கலோரி எண்ணெயாகவே வருகிறது. ஒரு பக்கம் அடைத்த கதவு, இன்னொரு பக்கம் திறந்துகொள்கிறது.

மாதக் கணக்கு

தினமும் அளக்கப் பொறுமை இல்லையா? மளிகைச் சீட்டை எடுங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் 3 லிட்டர் செலவானால், தலைக்கு நாளொன்றுக்கு 25 மி.லி., 200 கலோரி. 5 லிட்டர் என்றால் சுமார் 42 மி.லி.; 330 கலோரிக்கு மேல்! உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. நெய்யும் வெண்ணெயும் இதற்குள்தான் அடக்கம். 25 மி.லி. எண்ணெயின் எடை சுமார் 23 கிராம் என்பதால், 3 லிட்டர் வீடு ஏறக்குறைய எல்லைக்குள் இருக்கிறது.

அதற்காக எண்ணெயை அறவே நிறுத்திவிடாதீர்கள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். சிறு குழந்தைகளுக்குக் குறைக்கவே கூடாது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டு மாற்றுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு பாட்டிலில் 700 மி.லி. எண்ணெய் ஊற்றி அடுப்பருகே வையுங்கள். நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கு அதுதான் பங்கு. கையோடு ஒரு டீஸ்பூனையும் வைத்து, பாட்டிலைச் சரிக்காமல் ஸ்பூனால் அளந்தே விடுங்கள். வியாழக்கிழமையே பாட்டில் காலியானால், எந்தப் பலகாரத்தில் போனது என்று யோசித்துப் பாருங்கள். விடை உங்கள் சமையலறையிலேயே கிடைத்துவிடும்!