நெல்லிலையின் நிறமும் சுற்றுப்புற வெளிச்சமும்

நெற்பயிருக்கு மேலுரம் இடுங் காலத்தை நம் விவசாயிகளில் அநேகர் இலையின் பச்சையைக் கொண்டே தீர்மானிக்கின்றனர். வழக்கம் நன்றே. ஆயினும், கண்ணானது நிறத்தைத் தனித்துக் காண்பதில்லை. சூழ்ந்துள்ள வெளிச்சத்தோடு ஒப்பிட்டே காண்கிறது. இதை அறியாவிடில் உரம் வீணாவதும் விளைச்சல் குறைவதும் நேரிடும்.

இதனைப் பரீட்சித்தறிதல் எளிது. ஓரிலையின் நடுப்பாகத்தில் அடுத்தடுத்து இரு துண்டுகள் கிள்ளி, ஒன்றை வெள்ளை வேட்டியின் மேலும், மற்றதைக் கறுப்புக் குடைத்துணியின் மேலும் வைத்து, நிழலில் நோக்குக. வெள்ளையின் மேலுள்ளது கரும்பச்சையாகவும், கறுப்பின் மேலுள்ளது வெளிறியதாகவும் தோன்றும். இரண்டையும் ஒரே துணியில் சேர்த்து வைத்தால் பேதம் மறையும்.

புதுச்சேரியை முன்னாளில் ஆண்ட பிரெஞ்சுக்காரரின் தேசத்திலேயே இவ்வுண்மை விரிவாக ஆராயப்பட்டது. பாரிஸ் நகரத்துக் கோபெலின் சித்திரக் கம்பளச் சாலையில், கறுப்புச் சாயம் அழுத்தமாக இல்லையென்று குறை கூறினர். சாயப் பகுதியின் தலைவரான ரசாயன அறிஞர் ஷெவ்ரோல், குறை சாயத்திலன்று, அருகிலுள்ள நிறங்களாலேயே கறுப்பு மங்கித் தோன்றுகிறது என்று கண்டு, 1839-ல் நூலாக வெளியிட்டார்.

மேட்டுப்பாளையத்தைச் சூழ்ந்த கிராமங்களிலும் பாகூர்ப் பக்கத்திலும் நெல் பயிரிடுவோர் இதைத் தம் வயலிலேயே காணலாம். தேங்கிய நீர் வெயிலில் பளபளக்கும்போது, அதன் நடுவே இலை உள்ளதினும் கரும்பச்சையாகத் தோன்றும். வேண்டிய உரம் தாமதமாகும். இலைமேல் நேர்வெயில் பட்டு மினுமினுத்தாலோ வெளிறித் தோன்றும். வேண்டாத யூரியா இடப்படும். மிகுந்த தழைச்சத்தால் குலைநோயும் புகையானும் பெருகும், பயிரும் சாயும்.

இதற்குப் பரிகாரம் இலை வண்ண அட்டையாகும். இலையும் அட்டையும் ஒரே வெளிச்சத்தில் அருகருகே இருப்பதால், கண்ணின் மயக்கம் பெரிதும் நீங்குகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்யும் முறையோடு, கண்ணுக்குரிய எச்சரிக்கைகளையும் சேர்த்துக் கீழே தருகிறோம்:

1. நடவு செய்த 14-ஆம் நாள் தொடங்கிக் கதிர் வெளிவரும் வரை, வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள் பார்க்க வேண்டும்.

2. மேலிருந்து மூன்றாவதாக நன்கு விரிந்த இலையை, நோயற்ற பயிரில், 10 இடங்களில் பார்க்க வேண்டும்.

3. வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, தம் உடலின் நிழலில் இலையின் நடுப்பாகத்தை அட்டைமேல் வைக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒருவரே பார்த்தல் நலம்.

4. 10-ல் 6 இலைகளேனும் எண் 4-க்குக் கீழே இருப்பின் மேலுரம் இடுக. வெள்ளைப் பொன்னிக்கு எண் 3 போதும்.

5. ஒரு தடவைக்குரிய தழைச்சத்து, ஹெக்டேருக்கு வறண்ட பருவத்தில் 35 கிலோ, மழைப் பருவத்தில் 30 கிலோ. யூரியாவாக இடின் ஏக்கருக்கு முறையே ஏறக்குறைய 31, 26 கிலோ ஆகும்.

வரப்பில் நின்று பார்த்த அளவில் யூரியா மூட்டையைப் பிரித்தல் ஆகாது. வயலில் இறங்கி, இலையை நிழலில் அட்டையோடு ஒப்பிட்ட பின்பே கைப்பணத்தைச் செலவிடுக.