விளையாடும் மாணவருக்குச் சம்பளமா, பாதுகாப்பா?

கல்லூரிக்காக விளையாடும் மாணவருக்குச் சம்பளம் வழங்க வேண்டுமா? அவர்கள் தொழிற்சங்கம் அமைக்கலாமா? உயர்தர வகுப்பில் பயின்றுகொண்டே வலைப்பந்து அணியிலும் ஆடுபவள் என்ற வகையில் இவ்வினாக்களை ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இவ்விவாதம் ஐக்கிய அமெரிக்காவில் பிறந்தது. அங்கே கல்லூரி என்பது பல்கலைக்கழகம். ஆடுபவர்கள் பெரும்பாலும் பதினெட்டு வயதைக் கடந்தவர்கள். எமது நாட்டில் கல்லூரி என்று பெயர் சூட்டியிருப்பவை பெரும்பாலும் பாடசாலைகளே. எனவே ஒரே விடை இரண்டிற்கும் பொருந்தாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்து, அமெரிக்கக் காற்பந்து ஆட்டங்கள் தொலைக்காட்சி வழியே பெரும் பணம் ஈட்டுகின்றன. ஆனால் ஆடியவர்களுக்குப் புலமைப்பரிசில் மட்டுமே நெடுங்காலம் கிடைத்தது. 1955 இல் கொலராடோ மாநிலத்தில் ஆட்டத்தின்போது தலையில் அடிபட்டு மாணவர் ஒருவர் இறந்தார். அவருடைய மனைவி இழப்பீடு கோரினார். இறந்தவர் கல்லூரியின் ஊழியர் அல்லர் எனக் கூறி, 1957 இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அதனை மறுத்தது.

2014 இல் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகக் காற்பந்து அணியினர் தொழிற்சங்கம் அமைக்க முன்வந்தனர். காயத்துக்கு மருத்துவச் செலவு, தலைக்காயத்திலிருந்து பாதுகாப்பு, படிப்பை முடிக்க உறுதி ஆகியவையே அவர்களது முக்கிய கோரிக்கைகள். அவர்கள் ஊழியர்களே என்று தொழில் உறவுச் சபையின் பிராந்திய அதிகாரி தீர்ப்பளித்தார். எனினும் இவ்விடயத்தில் தலையிட 2015 இல் அச்சபை மறுத்துவிட்டது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து அணி 13க்கு 2 என்ற வாக்குகளால் சங்கத்தை ஆதரித்தது. ஆண்டிறுதியில் அம்முயற்சியும் கைவிடப்பட்டது. ஆனால் பணம் கிடைக்க வழி பிறந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை வீரர்களுக்குப் பகிரலாம்.

இது நியாயமா? கற்பிட்டிக் கரையில் கரைவலை இழுப்பதை அறிந்த எமக்கு விடை கடினமன்று. மீன் விற்ற பணத்தில் சம்மாட்டிக்குப் பங்குண்டு. கயிறு இழுத்தவருக்கும் பங்குண்டு. வருமானம் வந்த இடத்தில் உழைத்தவரை வெறுங்கையோடு அனுப்புவது முறையன்று.

எமது பாடசாலை அணிகளின் நிலை வேறு. கொழும்பிலும் கண்டியிலும் சில றக்பி, கிரிக்கெட் போட்டிகள் அனுசரணையாளர் பெயரோடு ஒளிபரப்பாகின்றன. புத்தளத்துப் பெண்கள் அணிகளின் வலையிலோ பங்கிட மீன் இல்லை. சம்பளம் என்று ஆரம்பித்தால் வசதியுள்ள பாடசாலைகள் திறமையான பிள்ளைகளை விலைபேசும். சிறிய பாடசாலைகள் அணியையே இழக்கும். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து சங்கமொன்றைப் பதிவுசெய்ய விண்ணப்பிக்கலாம். எனினும் அது தொழிலாளருக்கானது. மாணவிகள் தொழிலாளர் அல்லர்.

அப்படியாயின் எமக்கு எதுவுமே உரித்தில்லையா? உண்டு. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்கேற்ற 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். சம்பளம் வாங்காத பிள்ளையின் உயிரும் உயிர்தானே! நோர்த்வெஸ்டேர்ன் வீரர்கள் கேட்டவற்றுள் பணம் நீங்கலாக எஞ்சியவை அனைத்தும் எமக்கும் தேவை.

பயிற்சித் திடலில் முதலுதவி தெரிந்த ஒருவரும் குடிநீரும் இருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் ஓட்டப் பயிற்சி கூடாது. போட்டிக்குச் சென்ற நாளில் தவறிய பாடத்தை மீண்டும் கற்க வழி செய்ய வேண்டும். வலி என்று கூறும் பிள்ளையை "சமாளித்து ஆடு" என்று மீண்டும் இறக்கக் கூடாது. இவற்றை எடுத்துரைக்க, அணித் தலைவி, பெற்றோர் ஒருவர், பொறுப்பாசிரியை ஆகியோர் தவணைக்கொரு முறை கூடிப் பேசினாலே போதும். அதற்குச் சங்கப் பதிவு எதுவும் வேண்டியதில்லை.

பெற்றோரே, விளையாட்டுப் படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்சிப் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். படிப்புக்குப் புறம்பான துறைகளில் சிறந்து விளங்குவோருக்கெனப் பல்கலைக்கழக அனுமதியில் சிறிய ஒதுக்கீடும் இருக்கிறது. சம்மதக் கடிதத்தில் ஒப்பமிடுமுன் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: காயப்பட்டால் வைத்தியசாலைக்கு யார் கொண்டுசெல்வார்? 2017 இல் ஆரம்பிக்கப்பட்ட சுரக்ஷா மாணவர் காப்புறுதி இவ்வாண்டு இக்காயத்துக்குப் பொருந்துமா? தவறிய பாடத்தை யார் கற்பிப்பார்? இவற்றுக்கு விடை கிடைத்த பின் ஒப்பமிடுங்கள்.