அருவியைப் பார்க்கச் சொன்ன நக்கீரர்

 

போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, கந்த சஷ்டி கவசம் முழுசா சொல்ல முடியல. நடுவுல நாலு தடவை கை போனுக்குப் போயிடுது. முருகன் என்னை விட்டுப் போயிட்டாரோன்னு பயமா இருக்கு."

முருகன் எங்கயும் போகல தம்பி. உங்க கவனம் களைச்சுப் போயிருக்கு, அவ்வளவுதான். அதனால இன்னைக்குப் பாடம் திருமுருகாற்றுப்படை. 317 அடிகள்ல கடைசிப் பகுதி மட்டும் எடுத்துக்குவோம்.

பத்துப்பாட்டில் முதல் பாட்டு இது. முருகன் தெய்வ வடிவோட எதிரே வந்து, 'அஞ்சாதே' என்று அருள் செய்வதை நக்கீரர் சொல்லி முடிச்சுடறார். பாட்டு அங்கேயே நின்றிருக்கலாம், நிற்கல. பழமுதிர்சோலை மலையில் விழுகிற அருவிக்குப் போகுது. தேன்கூடு சிதையுது, பலாச்சுளை தண்ணில கலக்குது, பூக்கள் உதிருது. குரங்கு நடுங்குது, பெண் யானைக்குக் குளிருது. பொன்னும் மணியும் புரண்டு வருது. வாழை முறியுது, இளநீர்க் குலை உதிருது, மிளகுக் கொடி சாயுது. மயில் கூட்டம் மிரண்டு ஓடுது, கரடி குகைக்குள்ள போய் ஒளியுது. இவ்வளவுக்கும் அப்புறம்தான் 'இந்த மலைக்கு உரியவன்' என்று முருகனைச் சொல்லி முடிக்கிறார். அருவியைப் பார்க்காம மலைக்காரனைப் பார்த்துட்டுப் போகாதேன்னு சொல்ற மாதிரி எனக்குத் தோணும்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன். பகல் முழுக்க லேப்டாப், பஸ்ஸில் போன், படுக்கையிலும் போன். உங்கள்ல பாதிப் பேர் இப்படித்தான். பக்கத்துல இருக்கிறதைப் பார்க்கும்போது கண்ணுக்குள்ள இருக்கிற சின்னத் தசை சுருங்கி இறுகுது, தூரத்தைப் பார்த்தாதான் தளருது. ஸ்கிரீன் முன்னாடி இமைக்கிறதும் குறைஞ்சுடும், அதான் அந்த எரிச்சல். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருக்கிறதை, 20 விநாடி பாருங்கன்னு கண் டாக்டர்கள் சொல்றது இதுக்குத்தான்.

கவனத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ரேச்சல் கப்ளான், ஸ்டீபன் கப்ளான் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1989-ல் எழுதிய புத்தகத்துல இதை விளக்குறாங்க. இழுத்துப் பிடிச்சு வைக்கிற கவனம் களைச்சுப் போகும். இலை அசையறது, தண்ணி ஓடறது, மேகம் நகர்றது மாதிரி விஷயங்கள் நம்மைக் கட்டாயப்படுத்தாம மெல்ல ஈர்க்கும். அந்த நேரத்துல களைச்ச கவனம் ஓய்வெடுக்குது. நக்கீரர் அருவியையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

"நான் பார்க்கிறது முருகன் ரீல்ஸ் தானே அண்ணா?" என்று கேட்பீங்க. நல்லதுதான். ஆனா படத்துல பழநியாண்டவரே இருந்தாலும் கண் தசைக்கு அது ஒரு முழம் தூரம்தான். விரல் அடுத்ததுக்குத் தள்ளிக்கிட்டேதான் இருக்கும். அது தரிசனமும் இல்லை, ஓய்வும் இல்லை. கசப்பா இருந்தாலும் சொல்லித்தானே ஆகணும்.

முடிஞ்சவங்க சோலைமலைக்கே போயிட்டு வாங்க. மதுரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்ல அழகர்கோயில். அடிவாரத்துல அழகர், அதே மலைமேல முருகன். ஔவையாரிடம் 'சுட்ட பழமா சுடாத பழமா' என்று கேட்ட கதையோட சேர்த்துச் சொல்ற நாவல் மரம் அங்கேதான். இன்னும் மேலே போனா ராக்காயி அம்மன் கோயிலும் நூபுர கங்கையும். ஐப்பசியில் தைலக்காப்புக்கு அழகரே மலையேறி வந்து நீராடுற தீர்த்தம் அது.

ஏறும்போது போனைப் பைக்குள்ள போட்டு ஜிப்பை மூடிடுங்க. மனசு அடங்கணும்னு மட்டும் இல்ல, அங்க குரங்கு ஜாஸ்தி. கையில எது இருந்தாலும் பறிச்சுடும்! பாதி வழியில நின்னு மரங்களுக்கு மேல தூரத்தைப் பாருங்க. பத்து நிமிஷம் போதும். கவசத்தை அங்கேயே சொல்லிப் பாருங்க.

மதுரை தூரம்னா உங்க ஊர்க் குன்றுக் கோயில் போதும். குன்றும் இல்லாத ஊரா? மொட்டை மாடி இருக்கு, விடியற்காலை வானம் இருக்கு. போன் மட்டும் கீழே சார்ஜர்லயே இருக்கட்டும்.