மாக்கோழி காட்டும் உண்மை

உயிரில்லாத பொருளை வெட்டினால் கொலையாகுமா? அறநெறி வகுப்பில் சிறுவர் இவ்வினாவை எழுப்பும்போது, 'பாவ இம்சை' என்று கரும்பலகையில் எழுதி விளக்க முற்படுகிறோம். வடமொழியில் எண்ணத்தைக் குறிக்கும் சொல்லும் தீவினையைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் 'பாவம்' என ஒன்றாகிவிடுகின்றன. எனவே பிள்ளைகள் எண்ணத்தால் நிகழும் இம்சையைத் தீவினையான இம்சை என்றே கொள்கின்றனர். சொல் செய்ய இயலாததை யசோதர காவியம் ஒரு கோழியைக் கொண்டு செய்துவிடுகிறது.

உஞ்சயினி வேந்தன் யசோதரன், மனைவி அமிர்தமதியின் ஒழுக்கக்கேட்டைக் கண்டு வெதும்புகிறான். அதனை மறைத்து, தீக்கனவு கண்டதாகத் தாய் சந்திரமதியிடம் கூறுகிறான். தேவிக்கு உயிர்ப்பலி தந்தால் தீங்கு நீங்கும் என்கிறாள் தாய். மகன் மறுக்கவே, மாவினால் செய்த கோழியையேனும் பலியிடுமாறு வேண்டுகிறாள். அவன் இசைந்து வாளை ஓங்குகிறான். (தாயைக் கொடியவளாகச் சித்திரிப்போர் உளர். அவள் மகன்மேல் வைத்த அன்பினால் வழுவியவள் என்பதே எம் கருத்து.) அவ்வினையால் மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, மேலும் பல விலங்குப் பிறவிகளில் உழல்கின்றனர்.

மாக்கோழி என்றதும் நம் உள்ளத்தில் மாவுருண்டையா தோன்றுகிறது? செங்கொண்டையும் சிலிர்த்த இறகுமாய் ஒரு கோழி எழுந்து நிற்கின்றது. அதற்கு உயிரூட்டியவர் நாமே. யசோதரன் உள்ளமும் இதனையே செய்தது. பின்னர்த் தான் உயிரூட்டியதையே வெட்டியது. கதையைக் கேட்கும் பொழுதே இவ்வுண்மையை நம்முள்ளே காண்கிறோம்.

காவியத்துள்ளும் இக்கதை ஓர் உள்ளத்தை மாற்றுகிறது. சண்டமாரிக்குப் பலியாகக் கொணரப்பட்ட அபயருசி, தன் முற்பிறவிகளாக இவ்வரலாற்றை மாரிதத்த மன்னனுக்குக் கூறுகிறான். மன்னன் பலித்தொழிலைக் கைவிடுகிறான். 959-இல் சோமதேவர் வடமொழியில் இயற்றிய யசஸ்திலகமும் இவ்வரலாற்றையே விரித்துரைப்பது.

நாம் கதை சொல்லும் முறையில் ஒரு குறை உண்டு. பிறவிகளின் பட்டியலுக்கு விரைந்து ஓடிவிடுகிறோம். பிள்ளைகள் மயிலையும் நாயையும் நினைவில் கொள்கின்றனர். வாள் ஓங்கிய கணத்தை மறந்துவிடுகின்றனர். அச்சம் தங்குகிறது, அறிவு தங்குவதில்லை. ஆகவே அண்மையில் ஒரு வகுப்பில், வாள் ஓங்கிய இடத்திலேயே கதையை நிறுத்தி, "இப்போது என்ன காண்கிறீர்கள்?" என வினவினோம்.

"கோழி கண்ணை மூடிக்கொண்டது" என்றாள் ஒரு சிறுமி.

அப்படி ஒரு செய்தியை நாம் சொல்லவேயில்லை.